பாகிஸ்தானை வென்றால் பட்டாசு, ஆஸ்திரேலியாவிடம் தோற்றால் புலம்பல்: இந்திய ஹாக்கி அணியை எப்படி எடை போடுவது?

கேள்வி இது: "பாகிஸ்தானை 10-2 என்று அடித்துத் துவைக்கும் நம் ஆண்கள் ஹாக்கி அணி, ஆஸ்திரேலியாவிடம் 7-0 என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறது. ஷார்ட் கார்னர் (கோலுக்கு முன்னால் எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு) எத்தனை கிடைத்தாலும் பாதிக்கு மேல் வீணாகிறது. கடைசி ஐந்து நிமிடம் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. இது நல்ல அணியா, இல்லையா? நமக்கு உண்மையான எதிரி யார்?"

நல்ல அணிதான். டோக்கியோவிலும் பாரிஸிலும் அடுத்தடுத்து ஒலிம்பிக் வெண்கலம் வாங்கியிருக்கிறது. அதற்கு முன் இப்படி இரண்டு ஒலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம் வந்தது 1968, 1972-இல்தான். நடுவில் 2008 பெய்ஜிங்கிற்குத் தகுதியே பெறவில்லை. 2012 லண்டனில் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றுக் கடைசி இடம். அந்தக் குழியிலிருந்து ஏறி வந்த அணி இது. ஆனால் ஸ்கோரை மட்டும் வைத்து இதை எடை போட்டால், வென்ற நாளில் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்வதும் தோற்ற நாளில் தரையில் போட்டு மிதிப்பதுமாகத்தான் நம் பொழுது போகும். ஹாக்கியில் ஸ்கோர் பல நேரம் பொய் சொல்லும். எங்கே, எப்படிப் பொய் சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் பாகிஸ்தான். இந்தப் பகையின் சரித்திரம் தெரியாதவர் இல்லை. 1956 மெல்போர்ன் இறுதியில் 1-0 நமக்கு, 1960 ரோமில் 1-0 அவர்களுக்கு, 1964 டோக்கியோவில் மறுபடி 1-0 நமக்கு. மூன்று ஒலிம்பிக் இறுதிகள், மூன்றுமே ஒற்றைக் கோல். 1975 கோலாலம்பூர் உலகக்கோப்பையில் அசோக் குமார் அடித்த கோலில் 2-1 என்று வென்றோம். நம் ஒரே உலகக்கோப்பை அது. 1982 டெல்லி ஆசியப் போட்டியில், சொந்த மண்ணில், 7-1 என்று தோற்றோம். அந்தக் காயம் ஒரு தலைமுறைக்கே ஆறவில்லை.

ஆனால் அந்தப் பாகிஸ்தான் இன்று களத்தில் இல்லை. மூன்று ஒலிம்பிக் தங்கமும் நான்கு உலகக்கோப்பையும் வென்ற அணி, ரியோ, டோக்கியோ, பாரிஸ் என மூன்று ஒலிம்பிக்கிற்குத் தொடர்ந்து தகுதி பெறவில்லை. 2014, 2023 உலகக்கோப்பைகளிலும் அவர்கள் இல்லை. அதனால் 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியின் 10-2, நம் அணியின் உயரத்தைக் காட்டும் அளவுகோல் ஆகாது. எதிரணி எவ்வளவு இறங்கிவிட்டது என்பதைத்தான் காட்டுகிறது. அப்படியும் பாகிஸ்தானோடு மோதும் ஆட்டம் என்றைக்கும் லேசாகப் போய்விடாது. 2014 இஞ்சியோன் இறுதியில் 1-1 என்று முடிந்து ஷூட் அவுட் வரை போனது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் காப்பாற்றினார், ரியோவுக்கும் சீட்டு கிடைத்தது. ஹாங்சோவுக்கு மறு வருடமே, 2024 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில், அவர்கள்தான் முதல் கோல் அடித்தார்கள். கேப்டன் ஹர்மன்பிரீத் ஷார்ட் கார்னரில் அடித்த இரண்டு கோல்களில் 2-1 என்று தப்பினோம். இந்த ஆட்டத்தில் வென்றால் மனது நிறையட்டும், தப்பே இல்லை. அணி எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த வேறு ஆட்டம் ஆஸ்திரேலியா. 2010 டெல்லி காமன்வெல்த் இறுதியில் 8-0, 2014 கிளாஸ்கோ இறுதியில் 4-0, 2022 பர்மிங்காம் இறுதியில் 7-0. டோக்கியோ ஒலிம்பிக் லீக் ஆட்டத்தில் 7-1. இதைப் பார்க்கிறவர்கள் "பயந்துவிட்டார்கள்", "தன்னம்பிக்கை இல்லை" என்கிறார்கள். ஏழு கோல் வித்தியாசத்துக்கு மனதைக் குறை சொல்லிப் பயனில்லை. களத்தில் நடப்பதைப் பார்த்தால் காரணம் பச்சையாகத் தெரியும்.

ஆஸ்திரேலியா முன்னால் ஏறி வந்து பிரஸ் செய்யும், அதாவது பந்து வைத்திருப்பவரை நெருக்கிப் பறிக்கும் அணி. நம் பின்கள வீரர் பந்தை வாங்கியதும், அவருடைய மூன்று பாஸ் வழிகளில் இரண்டை அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் வேண்டுமென்றே திறந்து வைப்பார்கள். திறந்த வழி பெரும்பாலும் பக்கக்கோட்டை ஒட்டி இருக்கும். அங்கே பந்து போனதும் கோடே ஒரு கூடுதல் தடுப்பாளர் ஆகிவிடுகிறது. வாங்கியவர் ஒரு பக்கம்தான் திரும்ப முடியும், அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒருவர் மட்டையைத் தரையில் வைத்துக் காத்திருப்பார். பந்து பறிபோகும் இடம் நம் 23 மீட்டர் கோட்டுக்குப் பக்கத்தில். அந்த நொடியில் நம்மவர்களில் நாலைந்து பேர் பந்துக்கு முன்னால், எதிர்க் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். மூன்று தடுப்பாளருக்கு எதிராக நான்கு தாக்குபவர், கோலுக்கு இருபத்தைந்து மீட்டர். அதில் ஒன்று கோலாகும், ஒன்று ஷார்ட் கார்னர் ஆகும்.

இரண்டு கோல் பின்தங்கியதும் நம் அணி இன்னும் மேலே ஏறி ஆடும். ஏறினால் பின்னால் இடம் விரியும், அவர்களுக்கு அதுதான் வேண்டும். 0-2 என்பது 0-5 ஆவது இப்படித்தான். ஆட்களை மாற்றும் கணக்கும் இதில் சேர்கிறது. ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். முழு வேகத்தில் பிரஸ் செய்கிற முன்கள வீரர் நாலைந்து நிமிடம் ஆடிவிட்டு வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வருவார். நம் நடுக்கள வீரர் ஒருவர் மாற்று இல்லாமல் எட்டு நிமிடம் உள்ளே நின்றால், கடைசி இரண்டு நிமிடத்தில் அவர் கால் பின்வாங்கும். பிரஸ் அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் காத்திருக்கிறது.

இதற்கு மருந்து என்ன? பாரிஸுக்கு முன், 2024 ஏப்ரலில், இந்தியா பெர்த்துக்குப் போய் ஐந்து ஆட்டம் ஆடியது. ஐந்திலும் தோல்வி: 1-5, 2-4, 1-2, 1-3, 2-3. 'ஐந்துக்குப் பூஜ்யம்' என்று எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த ஸ்கோர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். நான்கு கோல் வித்தியாசத்தில் ஆரம்பித்து ஒரு கோலில் முடிகிறது. ஆகஸ்ட் 2 அன்று பாரிஸில் அதே ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றோம். 1972 மியூனிக்கிற்குப் பிறகு ஒலிம்பிக்கில் அவர்களுக்கு எதிராக வந்த முதல் வெற்றி. அபிஷேக் 12-வது நிமிடம், ஹர்மன்பிரீத் 13-வது நிமிடம் ஷார்ட் கார்னர், 32-வது நிமிடம் பெனால்டி ஸ்ட்ரோக் (கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து எடுக்கும் ஷாட்).

பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டன் 'தற்காத்து வெல்' என்பதைத் தன் கொள்கையாக வெளிப்படையாகவே சொல்லி வந்தவர். அதன் அர்த்தம், பிரஸ்ஸின் வாய்க்குள் குட்டிப் பாஸ் போட்டு மாட்டிக்கொள்ளாமல், தலைக்கு மேலே ஏரியல் பந்தைத் தூக்கி அனுப்புவது. விதிப்படி, ஏரியல் பந்தை முதலில் எதிர்கொள்ளும் நிலையில் இருப்பவர் அதை இறக்கித் தரையில் கட்டுப்படுத்தும்வரை எதிரணி ஆள் ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆக, நல்ல ஏரியல் ஒன்று, பிரஸ் செய்ய ஏறி வந்த ஐந்து பேரையும் ஒரே அடியில் ஆட்டத்திலிருந்து கழற்றிவிடுகிறது. பிரஸ்ஸும் தயங்கிப் பின்வாங்கும். அதன் பிறகுதான் தரைப் பாஸுக்கு வழி திறக்கும். அடுத்த முறை ஹர்மன்பிரீத் பந்தைத் தூக்கி அனுப்பி, அது வெளியே போய்விட்டால் "வீணாக்கிவிட்டான்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அந்த இழப்பு எதிரணியின் மூலையில் நடக்கிறது. குட்டிப் பாஸ் போனால் இழப்பு நம் வாசலில்.

அடுத்தது ஷார்ட் கார்னர். நம் ரசிகர்கள் அதிகம் கொதிப்பதும், குறைவாகப் புரிந்துவைத்திருப்பதும் இதில்தான். 'பத்து கிடைத்தது, இரண்டுதான் உள்ளே போனது, டிராக் பிளிக்கரை மாற்று' என்பது வழக்கமான புலம்பல். கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து எறிபவர்தான் டிராக் பிளிக்கர். நான்கில் ஒன்று கோலானால் அந்த அணியின் கார்னர் ஒழுங்காக இருக்கிறது, மூன்றில் ஒன்றானால் உலகத்தரம். ஆறு கார்னரில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை என்றால் கவலைப்படலாம். பத்தில் இரண்டு என்பது சுமார், கேவலம் அல்ல.

ஒரு கார்னர் நடக்கும் விதத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி, பின்கோட்டில் ஒருவர் குனிந்து நிற்கிறார். அவர் பந்தைத் தள்ளிவிட வேண்டும். கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டம்தான் டி, அதன் ஆரம் 14.63 மீட்டர். பந்து டி-க்கு வெளியே போய்த்தான் திரும்ப உள்ளே வர வேண்டும். அங்கே நிறுத்துபவர் மட்டையைத் தரையோடு படுக்கவைத்துப் பந்தைச் சாக வைக்கிறார். பிளிக்கர் அதற்கு முன்பே ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார்; கடைசி எட்டில் காலைக் குறுக்கே போட்டு, பந்தை மட்டையின் காம்போடு ஒட்டி, தரையில் இழுத்து, உடம்பு முழுவதையும் திருகிக் கடைசியில் மணிக்கட்டை விடுகிறார். தள்ளிவிட்டதிலிருந்து பந்து கோலைத் தொடும்வரை சில நொடிகள்கூட இல்லை.

எதிரில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேர். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம். ஐந்தில் ஒருவர் 'முதல் ஓட்டக்காரர்'. முகமூடியும் முழங்கால் பேடும் கையுறையும் மாட்டிக்கொண்டு, பந்து தள்ளப்பட்டதும் நேரே பிளிக்கரை நோக்கிப் பாய்வார். ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் எடை, கல் போல் கடினம். அதை நோக்கி ஓடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்! அவர் பந்தைத் தடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பிளிக்கரின் மட்டைப் பக்கத்துக் கீழ் மூலையை மறைத்தாலே போதும், கோல்கீப்பர் பாதிக் கோலை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் எங்கே கெடுகிறது? பெரும்பாலும் பிளிக்கரிடம் இல்லை. தள்ளிவிட்ட பந்து லேசாகக் குதித்தால் நிறுத்துபவர் மட்டையில் பட்டு ஒரு சாண் விலகும். விலகிய பந்துக்காகப் பிளிக்கர் கடைசி எட்டைச் சுருக்க வேண்டியிருக்கும். எட்டு சுருங்கினால் இழுக்கும் தூரம் குறையும், வேகம் போகும், ஓட்டக்காரர் ஓரடி கிட்டே வந்திருப்பார். மைதானத்தில் தண்ணீர் காய்ந்திருந்தால் குதிப்பது கூடும். கடைசிக் கால்பகுதியான நான்காம் குவார்ட்டரில் கார்னர்கள் சொதப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். மறு ஒளிபரப்பில் பிளிக்கரைப் பார்க்காமல் நிறுத்துபவரின் மட்டையைப் பாருங்கள். பந்து அங்கே அசையாமல் நின்றதா, உருண்டதா? பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

'ஓங்கி அடிக்க வேண்டியதுதானே' என்று கத்துகிறவர்களுக்கு ஒரு விதி. கார்னரில் முதல் ஷாட் 'ஹிட்' ஆக இருந்தால், பந்து கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேலே இருக்கக் கூடாது. அதாவது கோலுக்குள் இருக்கும் அடிப்பலகையின் உயரம். பிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஆபத்தாக இல்லாதவரை எந்த உயரத்திலும் போகலாம். 2.14 மீட்டர் உயரமுள்ள கோலில் கால்பங்குக்கும் குறைவான இடத்தில் அடிக்க யாருக்கு ஆசை? இன்னொன்று: ஐந்து மீட்டருக்குள் வந்துவிட்ட ஓட்டக்காரருக்கு முழங்காலிலோ அதற்கு மேலோ பந்து பட்டால் ஆபத்தான ஷாட் என்று தற்காக்கும் அணிக்கு ஃப்ரீ ஹிட் போய்விடும். முழங்காலுக்குக் கீழே பட்டால் இன்னொரு கார்னர். ஓட்டக்காரர் ஏன் நிமிர்ந்து ஓடுகிறார், பிளிக்கர் ஏன் தாழ்வாக இழுக்கிறார் என்பது இதிலிருந்து விளங்கும்.

கார்னரில் என் உண்மையான கவலை வேறு. பாரிஸில் எட்டு ஆட்டங்களில் இந்தியா மொத்தம் 15 கோல் அடித்தது. அதில் பத்து ஹர்மன்பிரீத் அடித்தவை. எல்லாம் கார்னரும் ஸ்ட்ரோக்கும். மீதி ஐந்துதான் மற்ற அத்தனை பேருக்கும். இது ஹர்மன்பிரீத்தின் பெருமை, முன்கள வீரர்களின் பற்றாக்குறை. டி-க்குள் நுழைந்ததும் நம் ஆட்கள் எதிரியின் காலைத் தேடுகிறார்கள். கால் பட்டால் கார்னர் என்பது உறுதியான வரவு. பழகிப்போனால், கோலைப் பார்த்து ஷாட் எடுக்க வேண்டிய இடத்திலும் காலைத் தேடத் தோன்றும். எதிரணிப் பயிற்சியாளர்கள் இதைக் குறித்து வைத்துக்கொண்டுவிட்டார்கள். தடுப்பாளர் காலை ஒதுக்கி மட்டையைப் படுக்கப்போட்டு நிற்பார். நம் தாக்குதல் அங்கேயே செத்துவிடும். பத்துப் பேர் சுற்றி நின்று ஒருவர் கையால் சாப்பிடும் அணி, அந்த ஒருவருக்குத் தசைப்பிடிப்பு வந்த நாளில் பட்டினிதான்.

அமித் ரோஹிதாஸ் கதை இதற்குச் சரியான சாட்சி. பாரிஸ் காலிறுதி, பிரிட்டனுக்கு எதிராக, 17-வது நிமிடம். மட்டை எதிராளி முகத்தில் பட்டதற்கு ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு. மீதி 43 நிமிடமும் பத்துப் பேர். அப்படியிருந்தும் 22-வது நிமிடம் ஹர்மன்பிரீத் கோல் போட்டார், 27-வது நிமிடம் லீ மார்ட்டன் சமன் செய்தார், அதற்குப் பிறகு கதவு மூடியே இருந்தது. பத்துப் பேர் எப்படித் தாக்குப்பிடிப்பது? பக்கங்களை விட்டுக்கொடுத்து நடுவை அடைக்க வேண்டும். பிரிட்டன் பந்தை ஓரமாகக் கொண்டுபோக விடுவது, டி-யின் மேல்முனையில் மட்டும் யாரையும் திரும்ப விடாமல் பார்ப்பது. பிரிட்டன் கையில்தான் பந்து இருந்தது, ஆனால் இருந்த இடத்தில் ஆபத்து குறைவு. பந்து யார் கையில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஷூட் அவுட்டில் 4-2.

அந்த வெற்றியின் விலை அரையிறுதியில் தெரிந்தது. ரோஹிதாஸுக்கு ஓர் ஆட்டம் தடை. அவர்தான் நம் முதல் ஓட்டக்காரர். கார்னர் அடிக்க இரண்டாவது ஆளும் அவரே. ஒரே ஆள் இல்லாததால் கார்னரைத் தடுப்பதும் பலவீனமானது, அடிப்பதும் பலவீனமானது. ஜெர்மனி தரப்பில் கார்னர் அடித்தவர் கொன்சாலோ பெய்லாட். 2016-இல் அர்ஜென்டினாவுக்காகத் தங்கம் வென்று, பிறகு ஜெர்மனிக்கு மாறியவர். ஏழாவது நிமிடத்தில் நாம் முன்னிலை. பெய்லாட்டின் கார்னரிலும் ஒரு ஸ்ட்ரோக்கிலும் அவர்கள் 2-1. சுக்ஜீத் சமன் செய்தார். 54-வது நிமிடத்தில் மார்கோ மில்ட்காவ் அடித்து 3-2. நடுவரைத் திட்டினோம், அதிர்ஷ்டத்தைத் திட்டினோம். ஆட்டம் கைநழுவத் தொடங்கியது அதற்கு இரண்டு நாள் முன்பு, அந்த 17-வது நிமிடத்தில்.

ஜெர்மனி, பெல்ஜியம் இரண்டும் ஆஸ்திரேலியா போல அள்ளிக்கொண்டு வருபவை அல்ல. பொறுமையாகச் சுற்றிச் சுற்றிப் பந்தைக் கொடுத்து வாங்கி, நம் தடுப்பில் ஒருவர் அலுத்துப்போய் மட்டையை நீட்டும் தருணத்துக்குக் காத்திருப்பவை. டோக்கியோ அரையிறுதியில் பெல்ஜியத்தோடு மூன்றாம் குவார்ட்டர் முடிவில் 2-2. முடிவில் 5-2. கார்னர் மேல் கார்னராக வாங்கி, அலெக்சாண்டர் ஹென்ட்ரிக்ஸ் மூன்று கோல் போட்டார். அன்று நாம் தோற்றது டி-க்குள் செய்த சின்னச் சின்னத் தவறுகளால்.

இப்போது அந்தக் கடைசி ஐந்து நிமிடம். படபடப்புக்குக் காரணம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5, ஜெர்மனிக்கு எதிரான வெண்கல ஆட்டம். 25-வது நிமிடத்தில் 1-3 என்று பின்தங்கியிருந்தோம். 27, 29, 31, 34 ஆகிய நிமிடங்களில் நான்கு கோல், 5-3. 48-இல் அவர்கள் 5-4 ஆக்கினார்கள். முடிய ஆறேழு நொடி இருக்கும்போது ஜெர்மனிக்குக் கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார், நாற்பத்தொரு ஆண்டுக்குப் பிறகு பதக்கம். மணி அடித்தாலும் கார்னர் நடந்து முடிந்த பிறகுதான் ஆட்டம் முடியும் என்பது விதி. அதனால் நேரம் பார்த்து நிம்மதி அடைய வழியில்லை.

ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் அணி செய்யும் தவறு, டி-யைச் சுற்றிக் கோட்டை கட்டி உட்கார்ந்துகொண்டு, வந்த பந்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடிப்பது. அடித்த பந்து இருபது நொடியில் திரும்பி வரும். எதிரணி கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு பதினோராவது களவீரரை இறக்கியிருக்கும், ஆகவே எப்போதும் ஒருவர் ஆளில்லாமல் நிற்பார். நாலு தடவை திரும்பி வந்தால் ஒரு தடவை கால் படும், கார்னர் போகும்.

செய்ய வேண்டியது, பந்தைத் தூக்கிக்கொண்டு எதிரணியின் மூலைக்குப் போவது. மூலையில் உடம்பைப் பந்துக்கும் எதிரிக்கும் நடுவே வைத்தபடி ஓடிக்கொண்டே இருந்தால், அவர்கள் தவறு செய்வார்கள், ஃப்ரீ ஹிட் கிடைக்கும். அதைத் தனக்குத்தானே தட்டிக்கொண்டு மறுபடி ஓடலாம். ஒவ்வொரு சுற்றும் பதினைந்து, இருபது நொடியைத் தின்னும். நின்றபடி உடம்பால் மறைத்தால் நம்மீதே தவறு வரும், கவனம். நடுவரின் முடிவை வீடியோவில் சரிபார்க்கக் கேட்கும் ரெஃபரலைக் கையில் மிச்சம் வைத்திருப்பதும் இந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான். முதல் குவார்ட்டரில் சந்தேகத்துக்கெல்லாம் கேட்டுத் தொலைத்துவிட்டால், கடைசியில் காலில் படாத பந்துக்குக் கார்னர் கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சரியாகக் கேட்டால் ரெஃபரல் திரும்பக் கிடைக்கும், தப்பாகக் கேட்டால் போயே போச்சு.

இந்த நேரத்தில் வாங்கும் கிரீன் கார்டுதான் மன்னிக்க முடியாதது. இரண்டு நிமிடம்தான் வெளியே என்று தோன்றும். யெல்லோ என்றால் குறைந்தது ஐந்து நிமிடம், அதாவது மிச்ச ஆட்டம் மொத்தமும். பந்தை நகர்த்திப்போட்டு நேரம் கடத்துவது, நடுவரிடம் வாதாடுவது, ஃப்ரீ ஹிட்டுக்கு ஐந்து மீட்டர் விலகாமல் நிற்பது: திறமைக் குறைவுக்கு இதில் எதுவும் வருவதில்லை, எல்லாம் வாய்க்கொழுப்பும் அவசரமும்.

ஷூட் அவுட் பற்றிச் சுருக்கமாக. தாக்குபவர் ஒருவர் 23 மீட்டர் கோட்டிலிருந்து ஓடிவந்து, எட்டு நொடிக்குள் கோல்கீப்பரைத் தாண்டிக் கோல் போட வேண்டும். தாக்குபவரைவிடப் பொறுமை அதிகம் தேவைப்படுவது கோல்கீப்பருக்கு. முதல் மூன்று நொடியில் விழுந்துவிட்டால் கதை முடிந்தது. எதிராளியை, மட்டையைத் திருப்பி ஆட வேண்டிய ரிவர்ஸ் பக்கமாக, ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போய்க் கோணத்தைக் குறைத்தால் எட்டு நொடி தானாகக் கரையும். ஸ்ரீஜேஷ் அதில் வல்லவராக இருந்தார். 2023 உலகக்கோப்பையில் நியூசிலாந்திடம் 3-3 என்று வந்து ஷூட் அவுட்டில் வெளியேறியதை வைத்து "நமக்கு ஷூட் அவுட் வராது" என்றார்கள். அடுத்த வருடம் பாரிஸில் அதே வழியில் பிரிட்டனை வீழ்த்தினோம். நியூசிலாந்து ஆட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சொந்த மண்ணில், 3-1 என்று முன்னால் இருந்த ஆட்டம் ஏன் ஷூட் அவுட் வரை போனது? தொடைத் தசைக் காயத்தால் ஹர்திக் சிங் வெளியே. நடுக்களத்தில் பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஆற வைக்க அவர் இல்லை.

பின்னால் இருந்து முன்னால் வருவதும் இந்த அணிக்குத் தெரியும். 2023 ஆகஸ்ட் 12 அன்று எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி. மலேசியாவுக்கு எதிராக இடைவேளையில் 1-3. மூன்றாம் குவார்ட்டரின் கடைசி நிமிடத்தில் மட்டும் இரண்டு கோல், 56-இல் ஆகாஷ்தீப் அடித்தது நான்காவது. 4-3. அந்தப் போட்டியில் ஆடிய கார்த்தி செல்வம் அரியலூர்ப் பையன், கோவில்பட்டியில் தேறியவர். அன்று மைதானத்தில் எழுந்த சத்தம் 1980 மாஸ்கோ தங்கத்துக்குத் தலைமை தாங்கிய பாஸ்கரனின் ஊருக்கு ஏற்ற சத்தம்.

ஆண்கள் ஆஸ்திரேலியாவை பாரிஸில்தான் வென்றார்கள் என்று கொண்டாடுகிறவர்கள், பெண்கள் அணி அதை மூன்று வருடம் முன்பே டோக்கியோ காலிறுதியில் செய்துகாட்டியதை மறந்துவிடுகிறார்கள். குர்ஜித் கவுரின் ஒரே ஒரு கார்னர் கோல், கோல்கீப்பர் சவிதாவை நம்பி மிச்ச நேரம் முழுக்கத் தடுப்பு, 1-0. மேலே சொன்ன எல்லாப் பாடமும் அந்த ஓர் ஆட்டத்திலேயே இருக்கிறது. தேடிப் பாருங்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குவார்ட்டரும் பதினைந்து நிமிடம், நடுவில் இரண்டு நிமிட இடைவெளி கிடைக்கும். அதில் குறித்தால் போதும். இரு அணிகளும் டி-க்குள் எத்தனை முறை பந்தோடு நுழைந்தன. அதில் எத்தனை ஷாட், எத்தனை கார்னர். நம் கார்னரில் பந்து அசையாமல் நின்றது எத்தனை தடவை. நம் 23 மீட்டருக்குள் பந்தை இழந்தது எத்தனை தடவை. பத்துப் பேரோடு ஆடிய நிமிடம் எவ்வளவு. ஸ்கோரை எழுதாதீர்கள், அது எப்படியும் ஞாபகம் இருக்கும்.

ஆஸ்திரேலியாவோடு தோற்ற ஆட்டத்தில், நம் 23 மீட்டருக்குள் பந்தை இழந்தது குவார்ட்டருக்கு ஒன்றிரண்டுதான், டி நுழைவு ஏறக்குறைய சமம் என்று தாள் சொன்னால், அது பெர்த்தின் ஐந்தாவது ஆட்டம் போன்ற தோல்வி, கோபப்பட வேண்டாம். பலம் குறைந்த ஓர் அணியை 6-1 என்று வென்ற ஆட்டத்தில் ஆறும் கார்னர், முன்கள வீரர்கள் கோல்கீப்பரைச் சோதித்த ஷாட் ஒன்றுகூட இல்லை என்று தாள் சொன்னால், பட்டாசை வெடித்துவிட்டு அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தோடு ஆடும் நாளில் அதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.